பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

வணக்கம் சார்,

ஒரு கூட்டுக்குடும்பக் கதையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம், திவசம், தீபாவளி என்று சாப்பாட்டுக் காட்சிகள் நிறைய வருகின்றன. படித்த நண்பர்கள், “நாக்கில் எச்சில் ஊறுகிறது, ஆனால் ஆட்கள் யாரும் மனசில் நிற்கவில்லை” என்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்துவிடலாமா? இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

குறைக்க வேண்டாம். இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். கல்யாணப் பந்தியில் அவியல், உசிலி, மோர்க்குழம்பு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், எல்லாமே நன்றாக மணக்கிறது. ஆனால் சொத்தில் பங்கு கிடைக்காத பெரியப்பா அதே பந்தியில்தானே உட்கார்ந்திருக்கிறார்? மற்ற எல்லாரையும் போல அவரும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். தன்னை ஏமாற்றிய தம்பி வீட்டுச் சோற்றில் கை வைக்கிற ஒரு மனுஷன் எப்படி அப்படிச் சாப்பிட முடியும்?

பந்தி எழுத்தாளருக்குப் பெரிய வசதி. நேரத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. பருப்பு நெய், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று வரிசை எல்லாருக்கும் தெரியும், அதனால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு சொல் விழுந்தால் மோர் வருவதற்குள் என்ன ஆகுமோ என்று வாசகர் காத்திருப்பார். அப்புறம் பந்தி விசாரிப்பு இருக்கிறது. தம்பி ஒவ்வொரு இலையாக நின்று, “இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா” என்று கேட்டுக்கொண்டே வந்து, அண்ணன் இலைக்கு முன்னால் மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சண்டையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பத்தியும் அதற்குப் பிறகு தேவைப்படாது.

பெரியப்பா என்ன செய்வார்? நம் பக்கத்தில் கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடித்து மூடுவோம், சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக. அவர் எதிர்ப்பக்கமாக மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போகலாம். பக்கத்து இலைக்காரருக்கு மட்டும் அது தெரியட்டும்.

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையை இன்னொரு தடவை படியுங்கள். சுப்பராயன் வீட்டுக் கல்யாணத்தில், அவர் செழிப்பைப் பார்த்துப் பொறுக்காத சாமநாது, பெரிய பாத்திரம் நிறைய இருந்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, பெருச்சாளி விழுந்து கிடந்தது என்கிறார். அந்தப் பாயசம் யார் இலைக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் கிழவரை நம்மால் மறக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் எதைக் கவிழ்த்தால் எல்லாருக்கும் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஜானகிராமனுக்கும் தெரிந்திருக்கிறது.

தினப்படிச் சாப்பாட்டுக்கும் இதேதான். யார் முதலில் உட்காருவது, மீன் குழம்பில் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது, உப்பு கம்மி என்று சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கு உண்டு, சொல்லாமல் தானே எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வருவது யார் என்று பாருங்கள். ருசியை ஒரு வரியில் சொன்னால் போதும், வாசகர் தன் வீட்டு ருசியைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு சித்தி குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துப் பிசைந்து சாப்பிடுகிறாள். அதில் கை வைக்காதீர்கள். அடுத்த வரியில் “அவள் நிலைமை பரிதாபமாக இருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் அன்றைக்கு ருசித்துச் சாப்பிட்டது அவள் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது.