இயர்போன் பழுதைவிடப் பெரிய பழுது பில்லில் இருக்கிறது

திருநெல்வேலி மாவட்டத்தில் மெல்லிசைக் குழு நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்: ஐந்து மாதங்களுக்கு முன் ஓர் இணைய விற்பனைத் தளத்தில், ஒன்று 2,400 ரூபாய் வீதம், வயர் உள்ள இன்-இயர் மானிட்டர்கள் (மேடையில் இசையைக் கேட்கக் கலைஞர்கள் காதுக்குள் மாட்டும் இயர்போன்கள்) நான்கை வாங்கினார். கோயில் கொடைக் கச்சேரியில் பாடகியின் இடது காதில் ஒலி அடியோடு நின்றுபோய், சரணத்தை எடுக்க வேண்டிய இடம் தவறிவிட்டது. விழாக் குழுவினர் பேசிய தொகையில் 15,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். கீபோர்டு கலைஞரிடம் இருக்கும் இன்னொன்றில், வயர் நுனியில் இருக்கும் இரண்டு ஊசிகளை (பின்) செருகும் துளை தளர்ந்து, தலையைத் திருப்பினால் ஒலி விட்டுவிட்டு வருகிறது. மீதி இரண்டும் வேலை செய்கின்றன, ஆனால் ‘ஸ்டுடியோ தரம்’ என்ற விளம்பரத்துக்கு மாறாக மங்கலாக ஒலிக்கின்றன. பழுதான இரண்டுக்கும் 4,800 ரூபாயைத் திருப்பித் தர விற்பனையாளர் முன்வந்துள்ளார். அதை மறுத்துவிட்டு, மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

பதில்:

மேடையில் பட்ட அவமானம், வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மூன்று முறை இணைப்பைத் துண்டித்தது, ஊர்க்காரர்கள் பேசிய பேச்சு ஆகிய அனைத்தையும் படித்தேன். அவற்றுக்கு வழக்கில் இடமில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று குழுவின் பெயரிலேயே ஜிஎஸ்டி பில் வாங்கிக்கொண்டேன்.” உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த வரியில்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7)இன்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்லர். சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் தேடுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு அந்தப் பிரிவின் விளக்கம் விலக்கு அளிக்கிறது. நீங்கள் தனியாகப் பாடிப் பிழைப்பவராக இருந்து, ஒரே ஒரு மானிட்டரை உங்கள் பெயரில் வாங்கி உங்கள் காதில் மாட்டியிருந்தால், இந்த விலக்குக்குள் சிரமமின்றி வந்துவிடுவீர்கள். நான்கை வாங்கி, சம்பளத்துக்கு வரும் கலைஞர்களிடம் கொடுத்திருப்பது வேறு கதை. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதே கோட்டைத்தான் போட்டது: ஆட்டோவையோ கடைசல் இயந்திரத்தையோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், முழுக்க முழுக்க இன்னொருவரை ஓட்டவைப்பவர் நுகர்வோர் அல்லர். ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வது பாதகமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது என்பதால் வாதத்துக்கு இடமே இல்லை என்று கூறமாட்டேன். வணிக நோக்கத்தை நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கே உரியது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதும் உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் குழுவின் பெயரும் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணும் அச்சான பில்லை விற்பனையாளர் தன் எதிருரையோடு இணைத்துவிட்டால், அந்தச் சுமையின் பெரும்பகுதியை உங்கள் தாளே இறக்கி வைத்துவிடும்.

உள்ளீட்டு வரி வரவை, அதாவது தொழிலுக்கு வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகையை, எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆடிட்டர் வைத்திருப்பவர்கள் எடுக்காமல் விடுவது அரிது. 9,600 ரூபாய்க்குள் அடங்கிய 18 சதவீத வரி ஏறத்தாழ 1,464 ரூபாய். எடுத்திருந்தால், அந்தத் தொகைக்காக, ‘இது என் தொழில் செலவு’ என்று அரசுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். அதே பொருளை ‘நான் நுகர்வோர்’ என்று சொல்லி ஆணையத்துக்குக் கொண்டுபோகும்போது, இரண்டு தாள்களையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் பள்ளத்தில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பில் பாதகம் என்று தெரிந்ததும், “வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வாங்கினேன் என்று போட்டுவிடலாமே சார்” என்பார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், நான் வேண்டாம் என்று சொன்னதால் வேறு இடத்துக்குப் போய், லென்ஸ் ஒன்றைச் ‘சொந்த உபயோகத்துக்கு’ வாங்கியதாகப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தார். மூன்றாவது வாய்தாவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய ஸ்டுடியோ பெயரில் இருந்த பில்லையும், அந்த லென்ஸைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் அவர் நிற்கும் விளம்பரப் படத்தையும் நீட்டினார். புகார் தள்ளுபடியானது சின்ன விஷயம். பொய்ச்சாட்சியத்துக்காக நடவடிக்கை எடுக்காமல் விட்டது ஆணையத்தின் பெருந்தன்மை. உங்கள் நிலை அதைவிட மோசம், ஏனென்றால் பொய் சொல்லவும் உங்களுக்கு வழியில்லை: கச்சேரிச் சம்பளத்தில் 15,000 ரூபாய் போனது என்று இழப்பீடு கேட்கும் அதே பத்தியிலேயே, பொருளைத் தொழிலுக்கு வாங்கினேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். பெரிய தொகையைக் கேட்கக் கேட்க, புகார் நிலைக்கத்தக்கதல்ல என்ற எதிர்வாதம்தான் வலுக்கும்.

அந்த 15,000 தனியாகவும் நிற்காது. பிரிவு 39இன் கீழ் இழப்பீடு என்பது எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு. 2,400 ரூபாய்ப் பொருள் ஐந்தாம் மாதத்தில் பழுதாவது உத்தரவாதத்தை மீறிய செயலாகலாம். கச்சேரி கெட்டது விற்பனையாளரின் கவனக்குறைவால் என்று சொல்ல இன்னும் வெகுதூரம் போக வேண்டும். மாற்று மானிட்டர் ஒன்றைக்கூட மேடையில் வைத்திருக்கவில்லையா என்பதே குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

ஒலி மங்கல் என்ற புகாரை இப்போதே கைவிடுங்கள். சட்டம் குறைபாடு என்று சொல்வது, சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ வணிகர் கொடுத்த வாக்காலோ இருந்தாக வேண்டிய தரத்தில் ஏற்படும் குறையை. பெட்டியில் 10 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலியெழுப்பும் பாகம்) என்று அச்சடித்து உள்ளே எட்டு இருந்தால் அது குறைபாடு. ‘ஸ்டுடியோ தரம்’ என்பது கடைக்காரன் தன் கத்தரிக்காயைப் புகழ்வது போன்றது. பேஸ் குறைவு, குரல் பின்னால் நிற்கிறது என்பவை செவியின் தீர்ப்புகள். பிரிவு 38இன் கீழ் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் அதற்கான கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள், பொருளின் விலையைவிட அது கூடுதலாகவும் ஆகலாம்.

இடது காது அற்றுப்போன மானிட்டரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். “குண்டூசியால் வலையைச் சுத்தம் செய்தும் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். காதுக்குள் போகும் மூக்குப் பகுதியின் நுனியில் இருக்கும் அந்த மெல்லிய வலையில் காது அழுக்கும் வியர்வை ஈரமும் படிந்தால், டிரைவர் நன்றாக இருக்கும்போதே ஒலி தேய்ந்து அற்றுவிடும். ஆகவே விற்பனையாளரின் முதல் எதிர்வாதம் ‘பயன்படுத்தியவரின் பராமரிப்புக் குறை’ என்பதாகவும், இரண்டாவது ‘பிரித்துக் கை வைத்துவிட்டார்’ என்பதாகவும் இருக்கும். இரண்டுக்கும் உங்கள் குண்டூசியே சாட்சி. பின் துளை தளர்ந்தது உண்மையில் வலுவான புகார், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் இயந்திரப் பழுது. அதிலும், பெட்டியோடு வந்த வயரை மாற்றி வேறு வயரைச் செருகினீர்களா என்று கேட்பார்கள். உண்மையான பதிலை இப்போதே உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆணையம் மூடியிருந்தால் சிவில் நீதிமன்றம் திறந்திருக்கிறது. பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 நோக்கத்துக்குப் பொருத்தம், விற்கத்தக்க தரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 9,600 ரூபாய்க்காக அங்கே போக வேண்டாம் என்று சொல்வதற்கு நீங்கள் எனக்குக் கட்டணம் தரத் தேவையில்லை.

ஆகவே 4,800 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் போட்டு வென்றாலும் இந்த இரண்டு மானிட்டர்களுக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. தளத்தின் வாலட்டிலோ கூப்பனாகவோ வேண்டாம். குழுவின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகம் வந்தால், அது இந்த இரண்டு மானிட்டர்களை மட்டுமே குறிக்கும்படி திருத்தச் சொல்லுங்கள். மீதி இரண்டின் உத்தரவாதம் இன்னும் ஏழு மாதம் ஓடுகிறது. திருப்பி அனுப்பும் முன், வரிசை எண் தெரியும்படியும் தளர்ந்த துளையில் பின் ஆடுவது தெரியும்படியும் வெட்டாத ஒரே வீடியோ எடுத்து, பொட்டலம் கட்டுவது வரை அதிலேயே பதியுங்கள். பொருளைக் கையைவிட்டு அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது வேறு பொருள்’ என்ற பதிலோடு என் அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. விற்பனையாளர் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) அனுப்பியதும், 4,800 ரூபாய்க்குரிய 732 ரூபாய் வரி வரவை எடுத்திருந்தால் அந்த மாதக் கணக்கிலேயே திருப்பிவிடும்படி ஆடிட்டரிடம் சொல்லிவையுங்கள்.