சுழலும் ரோலர் கோஸ்டர்: ஏறுவதற்கு முன் கேளுங்கள்

கோடை விடுமுறைக்குள் சென்னைப் பக்கம் ஒரு பூங்காவில் சுழலும் ரோலர் கோஸ்டர் திறக்கிறார்களாம். கும்பகோணத்தில் இப்போதே வேன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வளைகுடாவில் சில வருடம் ராட்டினப் பராமரிப்பு பார்த்தவன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வருகிறது.

கும்பகோணம்: அண்ணே, பொருட்காட்சி கப் அண்ட் சாசரும்தான் சுத்துது. இதுல என்ன புதுசு?

அந்த மேடையை மோட்டார் சுற்றுகிறது. இங்கே பெரும்பாலான ரகங்களில் பெட்டியைச் சுற்ற மோட்டாரே கிடையாது. கீழே சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும். மேலே இருக்கைகள் ஒரு பேரிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். வளைவு வந்ததும் எடை கூடிய பக்கம் வெளியே தள்ளப்பட, பெட்டி திரும்பிவிடும். 2018-ல் அமெரிக்காவின் மிசௌரியில் வந்த டைம் டிராவலர் என்ற சுழலும் கோஸ்டர் மூன்று முறை தலைகீழாகவும் போகும் என்பதால், சுழற்சியைக் காந்தம் வைத்து அடக்கியிருக்கிறார்கள். மற்றபடி ரொம்பப் புதுசும் இல்லை. 1908-லேயே நியூயார்க் கோனி ஐலண்டில் ஆட்கள் உட்கார்ந்த வட்டத் தொட்டிகள் மரத்தடத்தில் சுழன்றபடி இறங்கின.

மன்னார்குடி: நாங்க நாலு பேர். எப்படி உட்கார்ந்தா நல்லா சுத்தும்?

கனமான இருவர் ஒரு பக்கம், ஒல்லியான இருவர் எதிர்ப்பக்கம். ஆளுக்கு ஆள் சரிசமமாக உட்கார்ந்தால் மந்தமாகத்தான் திரும்பும். தொப்பைக்கு மரியாதை கிடைக்கிற இடம் இது ஒன்றுதான்! ஏற்றத்தில் பெட்டி பூட்டியே இருக்கும் ரகங்களும் உண்டு, ஆரம்பத்திலேயே சுற்றவில்லை என்று ஏமாறாதீர்கள்.

திருவாரூர்: நம்ம ஆழித்தேருக்கே திருச்சி பெல் செஞ்ச ஹைட்ராலிக் பிரேக் இருக்கு. இதுல பிரேக் எங்கே சார்? நடுவுல கரண்ட் போனா?

தேருக்குப் பிரேக் சக்கரத்தில். இதற்குத் தடத்தில், பெட்டியில் தேடினால் கிடைக்காது. பல கோஸ்டர்களில் பெட்டிக்கு அடியில் ஒரு உலோகத் தகடு தொங்கும். தடத்தில் இரண்டு வரிசை நிரந்தரக் காந்தம். தகடு நடுவே நுழையும்போது அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கும். இதற்குக் கரண்டே வேண்டாம். முழுசாக நிறுத்த மட்டும் பிடிப்புப் பிரேக் தனியாக உண்டு. அழுத்தக் காற்றில் திறந்திருக்கும் அது, காற்று போனால் தானாக இறுக்கிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள்.

தஞ்சாவூர்: தம்பி, எனக்கு பஸ்ஸுலயே தலை சுத்தும்...

அக்கா, சின்ன வயதில் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் வீடு சுற்றுமே, அதேதான். உள்காதில் இருக்கும் திரவம் உடனே நிற்காது. வெளியே வேடிக்கை பார்க்காதீர்கள், பெட்டிக்குள் ஏதாவது ஒன்றில் கண்ணை வையுங்கள். பூரி, டிகிரி காபியெல்லாம் கோஸ்டரிலிருந்து இறங்கிய பிறகு. அப்படியும் பயமாக இருந்தால் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்தானே?

மயிலாடுதுறை: பையனுக்கு 7 வயசு. விடுவாங்களா?

வாசலில் அளவுகோல் இருக்கும், உயரம்தான் கணக்கு. வீட்டுச் சுவரில் அளந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் அழ வைக்க வேண்டாம்.

நாகப்பட்டினம்: திறக்கிற அன்னைக்கே போயிடலாமா?

நான் போக மாட்டேன். மணல் மூட்டையும் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளும் வைத்து நிறைய ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள், பயம் அதற்கில்லை. புது வண்டியில் ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலும் மொத்தமும் நின்றுவிடும், சரிபார்க்கும்வரை வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரு மாதம் போகட்டும். அப்புறம் ஒரு செவ்வாய், புதனாகப் பார்த்து வேன் எடுங்கள், எனக்கும் ஒரு சீட் வையுங்கள்.