வியூஸ் வருது, கடைக்கு ஆள் வரலையே!

கேள்வி: கோயம்புத்தூர் கணபதி பக்கம் கிரைண்டர், மிக்ஸி சர்வீஸ் கடை வெச்சிருக்கேனுங்க. பையன் சொன்னான்னு யூடியூப்ல ஷார்ட்ஸ் போட ஆரம்பிச்சோம், ஒண்ணு ரெண்டு வீடியோவுக்கு வியூஸ் நல்லாவே வந்துச்சு, ஆனா அத பாத்துட்டு வந்தேன்னு ஒருத்தரும் கடை ஏறலைங்க. கூகுள்ல தேடினா எங்க கடை எங்கயோ கீழ கிடக்குது. மாசாமாசம் பணம் கட்டினா மேப்ல முதல் இடத்துக்கு கொண்டு வர்றோம்னு ஒருத்தர் போன் மேல போன் போடுறாரு. கட்டலாமுங்களா? இல்ல வீடியோ போடுறதையே விட்டுறட்டுங்களா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தயவுசெஞ்சு கட்டாதீங்க. மேப் வரிசையில மேல வர்றதுக்கு காசு கட்டுற வழியே கிடையாதுன்னு கூகுள் அவங்க உதவிப் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. விளம்பரம் வேற விஷயம், அதுல ஸ்பான்சர்ட்னு தெளிவா போட்டிருக்கும். வரிசைய மூணு விஷயம் பாத்து முடிவு பண்றாங்க: தேடுற விஷயம் உங்க கடைக்கு பொருந்துதா, தேடுறவங்களுக்கு கடை பக்கத்துல இருக்கா, உங்க கடை எவ்வளவு தூரம் தெரிஞ்ச கடை. சிங்காநல்லூர்ல இருந்து தேடுறவங்களுக்கு அங்க இருக்குற கடைதான் முதல்ல வர வாய்ப்பு அதிகம், அத எந்த வீடியோவாலயும் மாத்த முடியாது. மத்த ரெண்டுக்கும் வீடியோ கை கொடுக்கும், அதனால விடாதீங்க.

உங்க ஷார்ட்ஸ் பாத்தவங்கள்ல பாதிப்பேரு திருச்சியிலயோ துபாய்லயோ இருந்து சும்மா தள்ளிட்டே வந்தவங்களா இருக்கலாம், அவங்க வீட்டு கிரைண்டர் நல்லாத்தான் ஓடிட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அரிசிய ஊறப்போட்டுட்டு சுவிட்ச போட்டா ம்ம்ம்னு சத்தம் மட்டும் வந்து கல்லு சுத்தாம நிக்குதேன்னு போன எடுக்குற அந்த அம்மாதான். அவங்க "வெட் கிரைண்டர் பழுது நீக்கம்"னு டைப் பண்ண மாட்டாங்க, "கிரைண்டர் சுத்தல சவுண்டு மட்டும் வருது"ன்னு பேசுற மாதிரியே, நிறைய பேரு இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிப்பாங்க. அந்த வார்த்தையதான் தலைப்பா வைக்கணும், பின்னாடியே கோவை கணபதின்னு ஊர் பேரு. தலைப்புக்கு 100 எழுத்துதான் அளவு, போன்ல முன்பாதி மட்டும்தான் தெரியும், அதனால பிரச்சனை முதல்ல வரட்டும்.

வீடியோவ படுக்கையா பிடிச்சு மூணு நாலு நிமிஷம் நிதானமா பேசுங்க. பெல்ட் லூசா இருக்கா, கெபாசிட்டர் வீக் ஆயிருச்சா, எப்படி கண்டுபிடிக்கிறது, முதல்ல பிளக்க கழட்டிருங்க, இது வீட்டுலயே பாக்கலாம், மாவுல கருப்பா ஆயில் கலந்தா புஷ், சீல் தேஞ்சிருக்கும், அப்ப கடைக்கு கொண்டு வாங்க, இவ்வளவுல இருந்து இவ்வளவு ஆகும். ரேட்ட சொல்ல பயப்படாதீங்க, எவ்வளவு கேப்பாங்களோன்னு தெரியாமத்தான் பாதிப்பேரு ரிப்பேரான கிரைண்டர பரண்ல ஏத்திட்டு புதுசு வாங்கிடறாங்க. தொழில் ரகசியத்த சொல்லிட்டா யாரு வருவான்னு நெனைக்கலாம், பெல்ட் மாத்த தெரிஞ்சவங்க எப்படியும் வரப்போறதில்ல, மத்தவங்க இவரு உண்மைய சொல்றாருன்னு நம்பி உங்க கடை பேரப் போட்டே தேடுவாங்க, அந்தத் தேடலுக்கு ஈடா எதுவும் இல்ல.

வீடியோவுக்கு கீழ எழுதுற விவரத்துல (டிஸ்கிரிப்ஷன்) முதல் ரெண்டு வரியிலயே கடை பேரு, அடையாளம், போன் நம்பர், மேப் லிங்க் போட்டுருங்க. போர்டுல, மேப்ல, யூடியூப்ல மூணுலயும் பேரும் நம்பரும் ஒரே மாதிரி இருக்கணும். டேக்ஸ்க்கு, அதாவது வீடியோவோட தனியா சேக்குற தேடல் வார்த்தைங்களுக்கு, ரொம்ப மெனக்கெட வேண்டாம், அதால பெரிய பிரயோஜனம் இல்லன்னு யூடியூபே சொல்லுது. ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போட்டா 2023 ஆகஸ்ட் கடைசியில இருந்து கிளிக் ஆகாது, அதனால ரிலேட்டட் வீடியோங்கற இடத்துல பெரிய வீடியோவ சேத்துவிடுங்க.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்லயும், அதாவது மேப்ல உங்க கடைக்குன்னு வர்ற பக்கத்துலயும், வீடியோ ஏத்தலாம், 30 செகண்டுக்குள்ள, 75 எம்பிக்குள்ள, 720பி குவாலிட்டியாவது இருக்கணும். அங்க ரிப்பேர் பாடமெல்லாம் வேண்டாம், மெயின் ரோட்டுல இருந்து கடைக்கு எப்படி திரும்பறது, போர்டு, உள்ள வேலை நடக்குறது, இது போதும். கடை பேருக்குள்ள "கோவையின் பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ்"னெல்லாம் சேக்காதீங்க, ப்ரொஃபைலயே முடக்கினாலும் முடக்கிருவாங்க. சரிபண்ணி குடுக்கும்போது ரிவ்யூ கேளுங்க, முடிஞ்சா கிரைண்டர் ஓடுறத ஒரு சின்ன வீடியோவா ரிவ்யூவோட போடச் சொல்லுங்க, ஆனா அதுக்குப் பதிலா டிஸ்கவுண்ட் தர்றது விதிக்கு விரோதம்.

இனிமே வியூஸ் எண்ணாதீங்க. ப்ரொஃபைல்ல பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு இடம் இருக்கு, என்ன வார்த்தை போட்டு தேடி வந்தாங்க, எத்தன பேரு கால் பண்ணாங்க, வழி கேட்டாங்கன்னு காட்டும். அதுல வர்ற வார்த்தையதான் அடுத்த வீடியோவுக்கு தலைப்பா எடுக்கணும். சில மாசம் பொறுமையா பண்ணுங்க.

கேள்வி: திண்டுக்கல்ல கல்யாண வீடுகளுக்கு போய் மெஹந்தி போடுறேன். கடை இல்ல. இன்ஸ்டால ரீல்ஸ் மட்டும்தான். நான் கூகுள்ல வர முடியுமா? வீட்டு அட்ரஸ் குடுக்க பயமா இருக்கு.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமா வரலாம்மா, அட்ரஸ் வெளிய தெரியவே வேண்டாம். நேர்ல போய் வேலை செய்யறவங்களுக்குன்னே கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல சர்வீஸ் ஏரியா வசதி இருக்கு, அட்ரஸ மறைச்சுட்டு திண்டுக்கல், பழனி, நத்தம்னு 20 ஊர் வரைக்கும் குடுக்கலாம். தொழில் உண்மையான்னு சரிபாக்குற வெரிஃபிகேஷனுக்கு கூகுள் வீடியோ கேட்டா உங்க வேலை சாமான், விசிட்டிங் கார்டு எல்லாத்தையும் கட் பண்ணாம ஒரே டேக்ல காட்டுங்க. ரீல்ஸ் விஷயத்துல, 2025 ஜூலையில இருந்து பப்ளிக்கா இருக்குற ப்ரொஃபஷனல் அக்கவுண்ட் (இன்ஸ்டால தொழிலுக்குன்னு மாத்திக்கிற கணக்கு) போஸ்ட்டெல்லாம் கூகுள்லயும் வர வழி பண்ணியிருக்காங்க, செட்டிங்ஸ்ல அது ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. பாட்டும் ஹார்ட்டும் மட்டும் போட்டா கூகுளுக்கு ஒண்ணும் புரியாது, "திண்டுக்கல் கல்யாணப் பொண்ணு மெஹந்தி, முழங்கை வரைக்கும்"னு கேப்ஷன்ல எழுதுங்க. பொண்ணு முகம் தெரிஞ்சா அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க, இது ரொம்ப முக்கியம்.

கேள்வி: கூகுள் இலவசமா குடுத்த எங்க கடை வெப்சைட் காணாமப் போச்சு. அதுல வீடியோவெல்லாம் போடணும்னு இருந்தேன்.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த இலவச சைட்டையெல்லாம் 2024 மார்ச்ல மொத்தமா நிறுத்திட்டாங்க, திரும்ப வராது. உங்க பேர்ல ஒரு டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, வாங்கி சின்னதா சைட் போட்டுக்கோங்க. ஒரே பக்கத்துல பத்து வீடியோவ குவிக்காதீங்க, 2023ல இருந்து வீடியோதான் அந்தப் பக்கத்தோட முக்கிய விஷயமா இருந்தாத்தான் கூகுள் ரிசல்ட்ல வீடியோ படத்தோட காட்டுது. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடியோ, மேலயே தெரியற மாதிரி, கீழ அதுல பேசினத நாலு பாரா எழுத்தா போட்டுருங்க. பழைய சைட் லிங்க் ப்ரொஃபைல்ல இன்னும் இருந்தா இன்னிக்கே எடுத்துருங்க.