மணி அடிக்கிற வேலையை அந்தப் பையனுக்குக் கொடுங்க டீச்சர்

கேள்வி: பல்லடம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 27 பிள்ளைகள். ஒரு பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன், அப்பா அம்மா இரண்டு பேரும் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறார்கள். ஜூனில் சேர்ந்தவன் இன்னும் வாயே திறக்கவில்லை, மற்ற பிள்ளைகள் 'இந்திக்காரன்' என்று கூப்பிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளிலும் ஏழெட்டுப் பேர் வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கலகலப்பாக வகுப்பை நடத்த எனக்கு ஆசைதான். ஆனால் சிரிக்க விட்டால் பிள்ளைகள் கைக்கு அடங்காது, பாடமும் முடியாது என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், பல்லடம்

பதில்: வணக்கம் டீச்சர். முதலில் அந்தப் பட்டப்பெயரை நாளைக்கே நிறுத்துங்கள். ஒடிசாப் பையனுக்கு வீட்டில் பேசுகிற மொழி பெரும்பாலும் ஒடியாவாகத்தான் இருக்கும், இந்தி வேறு மொழி. அவனுடைய அம்மாவை ஒரு நாள் பார்த்து, வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காதால் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் நாம் தமிழில் எழுதும்போது வெளியூர்ப் பெயர்கள் பாதி உருமாறிவிடும், ஜூனிலிருந்து நீங்கள் கூப்பிடுவது தன்னைத்தானா என்றுகூட அவனுக்குச் சந்தேகம் இருக்கலாம்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். காங்கயம் பக்கம் வேலை பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, லீவு எப்படிப் போச்சு என்று எழுதச் சொன்னதற்கு, 'அம்மாயி ஊட்டுக்குப் போனேனுங்க' என்று எழுதியிருந்தாள். நான் 'ஊட்டுக்கு' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திருத்தினேன், வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவள் நோட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். ஐந்து விரலையும் விரித்து, ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாதபடி. அந்தக் கையை எடுக்க வைக்க எனக்கு அந்த வருஷம் முழுக்க ஆனது. உங்கள் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிவதும் இந்த மாதிரி ஒன்றால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாசிக்கத் தெரியாததைவிட, தப்பாக வாசித்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பயம்.

அப்புறம் நான் கற்றுக்கொண்டது இது. கரும்பலகையில் கோடு போட்டு, ஒரு பக்கம் வீட்டில் பேசுகிற சொல், இன்னொரு பக்கம் புத்தகச் சொல். ஊடு, வீடு. நோம்பி, பண்டிகை. ஒறம்பரை, விருந்தாளி. வீட்டுச் சொல்லைப் பிள்ளைகள் சொல்லட்டும், எதையும் அடிக்காமல் எழுதுங்கள், புத்தகச் சொல்லை அவர்களே கண்டுபிடிக்கட்டும். உங்கள் வகுப்பில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள் டீச்சர், அது அந்தப் பையனுக்கு. வீடு என்றால் ஒடியாவில் 'கர', தண்ணீர் 'பாணி', கை 'ஹாத'. நீங்கள் கையைக் காட்டினால் போதும், அவன் சொல்லிவிடுவான். ஒன்றிரண்டு மூன்று என்பதை 'ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச' என்று மற்ற 26 பேரும் அவனிடம் கேட்டுச் சொல்லட்டும், புளியங்கொட்டையை வைத்து எண்ணும்போது இது நன்றாக வரும். இத்தனை நாளும் எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தவனிடம் வகுப்பே பாடம் கேட்கும். அவன் தமிழ் பேச ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா, சொல்லிக்கொடுக்க அது உதவும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டு, பாட்டு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதே கூட்டமாக உட்கார வைத்தால் 'நீ அரும்பு' என்பதும் ஒரு பட்டப்பெயர் ஆகிவிடும். கலைத்து உட்கார வையுங்கள். காலை உணவு நேரத்தில் முடிந்த நாளில் நீங்களும் அந்த வரிசையில் உட்கார்ந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுங்கள், கரும்பலகை முன்னால் சொல்லாததை எல்லாம் பிள்ளைகள் அங்கே சொல்லும்.

வாசிப்புக்கு, தனியாக எழுப்பி நிறுத்துவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். இரண்டு இரண்டு பேராக மெதுவான குரலில் ஒருவருக்கொருவர் வாசிக்கட்டும், நீங்கள் நடந்துகொண்டே காது கொடுங்கள். எழுந்து வாசிக்கிறேன் என்று தானாக வருகிறவர்கள் வரட்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்: தப்புக்கு யாரும் சிரிக்கக் கூடாது, உங்களையும் சேர்த்து. மற்றபடி சத்தம் வரும், வரட்டும். பயந்து அடங்கின வகுப்பில் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும், உண்மைதான், ஆனால் அது நமக்கு முடிகிறது, பிள்ளைகளுக்கு ஏறியிருக்காது, மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டிவரும்.

மூத்தவர்கள் கேட்டால் சட்டத்தையே காட்டலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை பயமில்லாமல், மனசில் பட்டதைத் தாராளமாகச் சொல்லும்படி கல்வி இருக்க வேண்டும் என்கிறது, முடிந்தவரை தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனசை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. சட்டத்துக்கு முன்னாலேயே நம் ஊரில் பெரியவர்கள் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க சாமி', 'சாப்பிட்டீங்களா கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் கிடைக்கிற அந்த 'ங்க' வகுப்பிலும் கிடைக்கட்டும். அந்தப் பையனுக்கு 'ஆஸ' என்றால் வா, 'பஸ' என்றால் உட்கார். இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, அவனுக்குப் பேச்சே தேவைப்படாத ஒரு வேலை கொடுங்கள். உங்கள் பள்ளியிலும் மணிக்குத் தண்டவாளத் துண்டுதான் தொங்கும் என்று நினைக்கிறேன், தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு மாதம் அதை அவன் கையில் கொடுங்கள். நடுவில் ஊரில் நோம்பி என்று பத்து நாள் போய்விடுவான். திரும்பி வந்ததும் 'ஏன் இத்தனை நாள் லீவு' என்று ஆரம்பிக்காமல், சுத்தியலை எடுத்து நீட்டுங்கள். அவன் வராத அந்தப் பத்து நாளில், 'இன்னைக்கு மணி யாருங்க டீச்சர் அடிப்பாங்க' என்று எந்தப் பிள்ளையாவது அவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.