கத்தூன் ஏரி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அக்கா மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறான். போன மாதம் பனாமா கால்வாயைக் கடந்தபோது படங்கள் அனுப்பினான். கால்வாய் என்றால் இரண்டு பக்கமும் கரை, நடுவே ஒடுங்கிய தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். படத்தில் இருப்பதோ பெரிய ஏரி. அங்கங்கே தீவுகள், ஓரத்தில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பட்ட மரங்கள். "மாமா, இது நல்ல தண்ணி, உப்பே கிடையாது" என்கிறான். இரண்டு கடலைச் சேர்க்கும் வழியில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? இந்த ஏரி முன்பே அங்கே இருந்ததா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மருமகன் சொன்னது சரி. அவர் பார்த்தது கத்தூன் ஏரி. முன்பு அது அங்கே இல்லை. நம் ஊரில் ஏரி என்றால் கரை போட்டு மழைநீரைத் தேக்கியது, அதற்கு மதகும் உபரி நீர் வெளியேறும் கலங்கலும் உண்டு. அந்தப் பொருளில் இது முழுக்க முழுக்க ஏரிதான். அளவு மட்டும் நம் கற்பனைக்கு எட்டாதது: சுமார் 425 சதுர கிலோமீட்டர்.

பனாமாவில் சாக்ரஸ் என்றொரு ஆறு. மழைக்காலத்தில் ஒரே இரவில் பல மீட்டர் உயரும் முரட்டு ஆறு. சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசப்ஸ், இங்கேயும் கடல்மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்று 1881இல் இறங்கினார். மலையும் இந்த ஆறும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அந்த முயற்சியை முடித்துவிட்டன. 1889இல் கம்பெனி திவால். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. லெசப்ஸ் கூட்டிய 1879ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாட்டிலேயே கோடான் த லெபினே என்ற பொறியாளர், ஆற்றை மறித்து ஏரியாக்குங்கள், கப்பலை ஏரிக்கு ஏற்றி இறக்குங்கள் என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பிரெஞ்சு முயற்சியில் மட்டும் ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அமெரிக்கர்கள் வந்த பிறகும் இதே வாதம் நடந்தது. 1906இல் செனட் 36க்கு 31 என்ற வாக்கில்தான் ஏரித் திட்டத்தை ஏற்றது. கத்தூன் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே மண்கரை எழுந்தது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், அடிப்பகுதியின் அகலமே ஏறக்குறைய 800 மீட்டர். நடுவில் 14 கதவுகள் கொண்ட கலங்கல். 1913 ஜூன் கடைசியில் கதவுகளை இறக்கினார்கள், தண்ணீர் ஏறத் தொடங்கியது. 1914 ஆகஸ்ட் 15 அன்று அங்கான் என்ற கப்பல் முதல் அதிகாரபூர்வப் பயணம் போனது.

அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் கப்பல் மூன்று படி ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 26 மீட்டர் உயரத்தில் ஏரியை அடைகிறது. படி என்பது ராட்சதக் கதவு போட்ட தொட்டி. லாக் என்பார்கள். தொட்டியை நிரப்ப மோட்டார் கிடையாது. மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் குழாய் வழியே தானாக இறங்கி நிரப்புகிறது, கப்பல் மிதந்து உயர்கிறது. ஏரியில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, குலேப்ரா மலைவெட்டு வழியாகப் போய், மறுபக்கம் மூன்று படி இறங்கினால் பசிபிக். நல்ல தண்ணீருக்கு உப்புத் தண்ணீரை விட அடர்த்தி குறைவு. அதனால் ஏரிக்குள் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும், அதற்கும் கணக்குப் போட்டுத்தான் சரக்கு ஏற்றுவார்கள். உங்கள் மருமகனிடம் கேளுங்கள், இதை நன்றாக விளக்குவார்.

இதற்குத் தரும் விலை தண்ணீர். பழைய லாக்குகளில் ஒரு கப்பல் கடந்தால் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடுகிறது. பனாமா நகரமும் கொலோன் நகரமும் குடிப்பது இதே ஆற்றுத் தண்ணீரைத்தான். ஆற்றின் மேல்பகுதியில் 1935இல் இன்னொரு அணை கட்டியும் போதவில்லை. 2016இல் திறந்த புதிய லாக்குகள் பக்கத் தொட்டிகளில் தண்ணீரைப் பிடித்து மறுபடி பயன்படுத்துகின்றன. அப்படியும் 2023இல் மழை பொய்த்தபோது, ஒரு நாளைக்கு 36 கப்பல் வரை போன இடத்தில் 24ஆகக் குறைத்தார்கள். உலக வாணிபம் ஒரு ஏரியின் மழைவரத்துக்காகக் காத்து நின்றது.

சரி, அந்தப் பட்ட மரங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவைதான். அவை ஏரி நிரம்பியபோது வெட்டப்படாமல் நின்ற காட்டின் மிச்சம். மூழ்கியது காடு மட்டும் என்றே பலரும் எழுதுகிறார்கள், ஆளில்லாக் கொடுங்காட்டில் பொறியாளர்கள் ஏரி செய்தார்கள் என்பது போல. அது உண்மை இல்லை. சாக்ரஸ் ஆற்றங்கரை நெடுக ஊர்கள் இருந்தன. கத்தூன், போயியோ, தபெர்னிய்யா, கோர்கோனா, மத்தாச்சின், குரூசெஸ். பெரு நாட்டு வெள்ளி ஸ்பெயினுக்குப் போன வழி அது. குரூசெஸ் வரை கோவேறு கழுதையில், அங்கிருந்து படகில். 1849இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் அந்த ஊர்களில்தான் தங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். 1855இலேயே அந்த வழியில் ரயில் ஓடியது. கடையும் தேவாலயமும் வாழைத் தோட்டமும் இருந்த ஊர்கள் அவை.

1912 டிசம்பரில் அமெரிக்க அதிபர் டாஃப்ட் ஓர் உத்தரவு போட்டார். கால்வாயின் இரு பக்கமும் அமெரிக்க ஆட்சியில் இருந்த கால்வாய் மண்டலத்தின் நிலம் முழுவதும் கால்வாய்க்கே தேவை என்றது அது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மண்டலத்தில் 62,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். ஏரி தொடாத ஊர்களையும் அந்த உத்தரவு காலி செய்துவிட்டது. கோர்கோனா மக்களில் ஒரு பகுதியினர் பசிபிக் கரையில் குடியேறி, அதற்கு நுவேவா கோர்கோனா, அதாவது புதிய கோர்கோனா என்று பெயர் வைத்தார்கள். ஊரை எடுத்துப் போக முடியாதவர்கள் பெயரையாவது எடுத்துப் போயிருக்கிறார்கள்.

படத்தில் நீங்கள் பார்த்த தீவுகள் எல்லாம் பழைய குன்றுகளின் உச்சிகள். அவற்றில் பெரியது பாரோ கொலராடோ. 1923இல் காப்பிடமாக அறிவித்தார்கள். அங்கே 50 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி அளந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. அந்த ஆற்றங்கரை வீடுகளுக்கும் யாராவது அப்படி ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது தண்ணீர்ப் பற்றாக்குறைக்காகப் பக்கத்து ரியோ இந்தியோ ஆற்றையும் மறிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சுமார் 2,000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். அந்த மக்கள் எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருமகன் அடுத்த முறை அட்லாண்டிக் பக்கமிருந்து வந்தால், கம்போவா என்ற ஊர் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோர்கோனாவும் மத்தாச்சினும் அந்தப் பக்கம்தான் இருந்தன.