கடுவன் மூட்டையில் மூத்திரம் பெய்கிறது

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லை தாங்காமல் ஐந்து மாதப் பெட்டைப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தேன். ஏற்கெனவே ஆறு வயதுக் கடுவனும் ஒரு நாயும் உண்டு. அன்றிலிருந்து கடுவன் சீறுகிறது, மூட்டைகளில் மூத்திரம் பெய்கிறது. தினம் இருவேளை பினாயில் ஊற்றிக் கழுவியும் நிற்கவில்லை. இரண்டையும் ஓர் அறையில் அடைத்தால் சண்டை போட்டு அடங்கிவிடுமா?

பதில்: அடங்காது. கடிபட்ட இடம் சீழ்கட்டும், அவ்வளவுதான்.

முதலில் கடுவனைப் பாருங்கள். உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதென்றால் மூத்திரக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நின்றபடி, வால் நடுங்கப் பின்னால் பீய்ச்சினால் எல்லை குறிக்கிறது. கருத்தடை ஆகாத கடுவனென்றால் செய்துவிடுங்கள். பெட்டைக்கும் அதற்கான வயது வந்துவிட்டது.

அடுத்தது அந்தப் பினாயில். கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசித்தான் பூனை ஓர் இடத்தைத் தன் வீடாக்குகிறது. அதை நீங்கள் இருவேளையும் அழிக்கிறீர்கள். அது மறுபடி பெய்கிறது. போதாததற்கு, கரும்பினாயிலில் உள்ள பீனாலைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கியே வாய் புண்ணாகும், ஈரல் கெடும். வெள்ளைப் பினாயிலின் பைன் எண்ணெயும் நஞ்சுதான். 'மூலிகை, ஒன்றும் செய்யாது' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நாயின் உண்ணி மருந்தையே 'பூனைக்குப் பாதி போடுங்கள்' என்று தருபவரும் அவர்தான். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து பூனை சாகும். மூத்திரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் ஊற்றித் தானாகக் காயவிடுங்கள். நனைந்த சாக்கை மாற்றிவிடுங்கள்.

புதியதை 14 நாள் தனி அறையில் வையுங்கள். மலச் சோதனையும் தடுப்பூசியும் அதற்குள் முடியட்டும். ஒன்றின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றதன் தட்டருகே போடுங்கள். மூடிய கதவின் இருபுறமும் தீனி வைத்து, சீறாமல் தின்றால் மட்டும் தட்டை நெருக்குங்கள். பிறகு வலைக்கதவு வழியாகப் பார்க்கட்டும். வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். மலமூத்திரம் போக மண்தட்டு மூன்று, வெவ்வேறு இடங்களில். வரிசையாக வைத்தால் கடுவன் மூன்றையும் மறித்து உட்கார்ந்துவிடும். நாய் கடைசியில், கயிற்றோடு. பூனைக்கு ஏறி உட்கார உயரமான பரண் வேண்டும்.

கிடங்கில் எலிமருந்து இருந்தால் முழுதும் அகற்றிய பிறகே பூனையை விடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு உள்ளே ரத்தம் கசியலாம்.