மூன்று நாள், 118 சாவு

ஒரு புது சுடும் விளையாட்டின் ஓப்பன் பீட்டா (வெளியீட்டுக்கு முன் யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கும் சோதனைப் பதிப்பு) போன வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடந்தது. அணிக்கு ஐந்து பேர். ஓடலாம், சறுக்கலாம், சுவரில் கால் வைத்து எகிறலாம். ஒரு மேட்ச் பத்து நிமிடம்கூட வராது. மூன்று நாளும் நான் அதிலேயே கிடந்தேன் என்று தெரிந்ததும் இந்த இதழுக்கு வந்த கேள்வி எல்லாம் அதைப் பற்றியே. பெயரை எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறது, இன்னும் செய்து முடிக்காத ஒன்றைப் பெயர் சொல்லித் திட்ட மனசு வரவில்லை.

கே: முதல் மேட்ச் எப்படிப் போனது? உண்மையைச் சொல்லவும்.

ப: 2 கில் (நான் கொன்றது), 14 சாவு. கதவு திறந்ததும் என் அணியில் மற்ற நான்கு பேரும் சறுக்கிக்கொண்டே மறைந்துவிட்டார்கள். நான் எந்த பட்டனில் சறுக்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடித்து, சறுக்கி, ஒரு மஞ்சள் கன்டெய்னரைத் தாண்டியதும் திரை சிவந்தது. யார், எங்கிருந்து, எதனால் சுட்டார்கள் என்று எதுவும் புரியவில்லை. இரண்டாவது முறையும் அதே கன்டெய்னர், அதே சிவப்பு. ஐந்தாவது சாவுக்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் 'ஏன் செத்தேன் தெரியும்', மறுபக்கம் 'தெரியாது'. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு. மூன்று நாளில் மொத்தம் 118. முதல் நாள் 41 சாவில் 27 'தெரியாது' பக்கம். இரண்டாம் நாள் 39-இல் 16. கடைசி நாள் 38-இல் 11. கில் கணக்கை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்தப் பகுதி இவ்வளவு உற்சாகமாக வந்திருக்காது.

கே: 'செம ஸ்பீடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடும் வேகம்தானே?

ப: இல்லை, அதில்தான் குழப்பம். 1999-இல் வந்த குவேக் 3 அரீனா என்ற சுடும் விளையாட்டில் இதைவிட வேகமாகப் பறப்பார்கள். ஆனால் அதில் ஒருவனைச் சாய்க்க நேரம் எடுக்கும். 100 உயிரும் 100 கவசமும் வைத்திருப்பவனுக்கு ரெயில்கன் என்ற துப்பாக்கியால் இரண்டு அடி வேண்டும், ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை விநாடி இடைவெளி. அந்த ஒன்றரை விநாடிக்குள் திரும்பலாம், ஓடலாம், பதிலுக்குச் சுடலாம், கெட்ட வார்த்தைகூட யோசிக்கலாம்.

இந்த பீட்டாவில் எல்லோருக்கும் உயிர் 100. நான் தூக்கிய துப்பாக்கி ஒரு குண்டுக்கு 22 உயிரைப் பறிக்கும், விநாடிக்குப் பத்து குண்டு போகும். ஆக ஐந்து குண்டு போதும். முதல் குண்டு உடனே விழுந்துவிடுகிறது, மிச்சம் நாலு இடைவெளி, மொத்தம் 0.4 விநாடி. கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்லவே சாதாரண மனிதனுக்கு 0.2 விநாடிக்கு மேல் ஆகும். சுடுகிறார்கள் என்று உறைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. மிச்சப் பாதியில் திரும்பி, குறி வைத்து, ஐந்து குண்டை இறக்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் இங்கே முதலில் பார்த்தவன்தான் ஜெயிக்கிறான். வேகம் என்று நாம் சொல்வது ஓட்டத்தை அல்ல, நமக்குக் கிடைக்காமல் போகிற அந்த அவகாசத்தை.

கே: பீட்டாவில் வாங்கிய லெவல், ஸ்கின் (தோற்ற அலங்காரம்) எல்லாம் முழு ஆட்டத்துக்கு வருமா?

ப: பெரும்பாலும் வராது. துடைத்துவிடுவார்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கே: சுவருக்குப் பின்னால் முழுசாகப் போன பிறகும் சாகிறேன். ஹேக் போட்டு விளையாடுகிறார்களா?

ப: இந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. அதே மஞ்சள் கன்டெய்னர்தான். சனிக்கிழமை அதன் பின்னால் பாய்ந்து, ஓடி, நின்று, குண்டு மாற்ற ஆரம்பித்த பிறகு செத்தேன். கோபம் தலைக்கேறி, கொன்றவனின் பார்வையில் காட்டும் கில் கேமை போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவன் திரையில் என் இடது தோள் கன்டெய்னருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறான். ஹேக் எதுவும் இல்லை.

நடப்பது என்னவென்றால், நீங்கள் ஓடுவது உங்கள் திரையில் உடனே தெரியும். எல்லோரையும் இணைக்கும் மையக் கணினியான சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருக்காமல் உங்கள் கணினியே 'இவன் இங்கேதான் போயிருப்பான்' என்று ஊகித்துக் காட்டிவிடுகிறது. 1996-இல் குவேக்வேர்ல்டில் (முதல் குவேக்கின் இணையப் பதிப்பு) அதன் நிரலாளர் ஜான் கார்மாக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு இணையத்தில் விளையாடியவர்கள் பட்டனை அமுக்கிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். ஆனால் எதிரியின் திரைக்கு நீங்கள் போய்ச்சேரத் தாமதமாகும். என் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி விநாடியில்) 80, அவனுடையது 60 என்று வையுங்கள். நான் சர்வரை அடைய 40 மில்லி விநாடி, அங்கிருந்து அவனை அடைய 30, அவன் கணினி என் அசைவை வழவழப்பாக்கிக் காட்ட இன்னொரு 30. அவன் பார்ப்பது 100 மில்லி விநாடி பழைய நான். அவன் சுட்டது சர்வருக்குப் போக 30, 'நீ செத்தாய்' என்ற சேதி எனக்கு வர 40. மொத்தம் 170. விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் ஒரு மீட்டருக்கும் மேல் தாண்டிவிடுவான். சுவருக்குப் பின்னால் போக அது தாராளம்.

சர்வர் என்ன செய்கிறது? அவன் சுட்ட கணத்தில் அவன் கண்ணுக்கு நான் எங்கே இருந்தேனோ அங்கே என்னைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்து, 'சரி, பட்டது' என்கிறது. ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் காலத்திலேயே அதைச் செய்த வால்வ் நிறுவனம் இதைச் செய்தது. அவர்களுடைய பொறியாளர் யான் பெர்னியர் 2001-இல் இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதினார். இப்படிச் செய்யாவிட்டால் சுடுகிறவன் ஆளுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டிவரும். யாராவது ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும், சுட்டவனுக்கு நடக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் சுடும்போது அந்தச் சலுகையை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து நோட்டில் மூன்றாவதாக ஒரு பக்கம் பிரிக்க நினைத்தேன், 'சர்வர்' என்று. பிரிக்கவில்லை. பிரித்தால் எல்லாச் சாவையும் அதில் எழுதிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும்.

கே: சர்வர் 128 டிக் இருந்தால் இந்தப் பிரச்சினை தீருமா?

ப: கொஞ்சம் குறையும். 64 டிக் என்றால் விநாடிக்கு 64 முறை, அதாவது சர்வர் 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும், 128 என்றால் 7.8-க்கு ஒருமுறை. 2020-இல் வேலரன்ட் என்ற சுடும் விளையாட்டு வந்தபோது இதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள், நியாயமான பெருமை. ஆனால் உங்கள் வைஃபை 20 மில்லி விநாடி ஆட்டம் ஆடினால் அந்த 8 எந்த மூலைக்கு? முதலில் கேபிள் போடுங்கள்.

கே: என் மகன் மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறான். கேட்டால் 'பீட்டாம்மா, டெஸ்ட் பண்றேன்' என்கிறான். இது என்ன டெஸ்ட்?

ப: அம்மா, பாதி உண்மை. ஒரே நேரத்தில் இத்தனை பேர் நுழைந்தால் சர்வர் தாங்குமா என்று பார்ப்பது நிஜமான சோதனைதான். அதற்கு உங்கள் மகன் சும்மா உள்ளே இருந்தாலே போதும், கத்த வேண்டியதில்லை. மீதிப் பாதி விளம்பரம். 2016 மே மாதம் ஓவர்வாட்ச் என்ற ஆட்டத்தின் ஓப்பன் பீட்டாவில் 97 லட்சம் பேர் விளையாடினார்கள். அதே மாதம் 24-ஆம் தேதி ஆட்டம் வெளியாகிவிட்டது. இரண்டு, மூன்று வாரத்தில் எதைப் பெரிதாக மாற்றிவிட முடியும்?

பீட்டா என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்த காலம் உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் முதல் பீட்டா 1999 ஜூனில் வந்தது. அப்போது பணயக் கைதிகளை மீட்பது மட்டும்தான் ஆட்டம். இன்று எல்லோருக்கும் தெரிந்த குண்டு வைக்கும் ஆட்டமே பிறகு வந்த ஒரு பீட்டாவில் சேர்ந்தது. முழு வெளியீடு 2000 நவம்பரில்தான். விளையாடியவர்கள் சொல்லச் சொல்ல ஆட்டம் மாறியது.

மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எத்தனை பிழையை எழுதி அனுப்பினாய்?' ஒன்று என்றாலும் அவன் டெஸ்டர்தான், கதவைத் தட்டாதீர்கள். (நான் அனுப்பியது இரண்டு.)

கே: முதல் நாள் கிங் மாதிரி இருந்தேன், இரண்டாம் நாள் எல்லோரும் என்னைப் போட்டுத் தாக்குகிறார்கள். நான் மக்கர் ஆகிவிட்டேனா?

ப: இல்லை, உங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். முதல் நாள் நீங்கள் யார் என்று, யாரை யாருடன் மோதவிடுவது என்று முடிவு செய்யும் நிரலுக்குத் தெரியாது. ஆடுகிறவர்களின் திறனைக் கணிக்கும் மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் முறையை எடுத்துக்கொண்டால், புதிதாக வரும் எல்லோருக்கும் 25 என்ற திறன் மதிப்பும், 'இவனைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை' என்பதற்கு 8.33 என்ற எண்ணும் கொடுக்கும். ஆட ஆட இரண்டாவது எண் சுருங்கும். இந்த பீட்டாவில் என்ன முறையோ, போக்கு இதே மாதிரிதான். வெள்ளிக்கிழமை நீங்கள் அடித்தது என் மாதிரி ஆட்களை. சனிக்கிழமை உங்கள் தரத்து ஆட்களிடம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

கே: உங்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். கை ஒத்துழைக்கிறதா?

ப: தாண்டிச் சில வருடம் ஆகிவிட்டது, நன்றி. கையைத் திருத்த முடிந்தது. முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப என் மவுஸ் 14 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும் என்று இருந்தது, 34 ஆக்கினேன். குறி நடுங்குவது நின்றது. பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்க இப்போது மேசையையே துடைப்பது மாதிரி இழுக்கிறேன், பரவாயில்லை.

திருத்த முடியாமல் போனது காது. முதலில் பார்த்தவன் ஜெயிக்கிற ஆட்டத்தில், பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால் என் மாதிரி மந்தமான கைக்குப் பிழைப்பு உண்டு. அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் இந்த பீட்டாவில் என் அணிக்காரன் காலடியும் எதிரியின் காலடியும் ஒரே சத்தம். ஒரே சத்தம் என்றால் ஒரே சத்தம், தூரம் தவிர எந்த வித்தியாசமும் இல்லை. மேப்பின் நடுவில் ஒரு இரும்பு மாடிப்படி. அதில் 'டங் டங்' என்று யாரோ ஏறுவார்கள். நம்ம ஆள் என்று விட்டால் எதிரி. எதிரி என்று திரும்பினால் நம்ம ஆள், அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான், அந்தச் சமயத்தில் வேறு யாரோ என்னைச் சுடுவார்கள். மேல் தளத்தில் ஓடுகிறானா கீழ்த் தளத்திலா என்பதும் ஹெட்செட்டில் பிரியவில்லை. கடைசி நாள் 'தெரியாது' பக்கத்தில் மிஞ்சிய 11 கோட்டில் 7 இந்தப் படியைச் சுற்றி. துப்பாக்கியின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெளியீட்டுக்குப் பிறகு எந்த வாரமும் செய்யலாம். சத்தத்தை ஒழுங்காகப் பிரித்து வைப்பது அப்படி அல்ல, ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு தரையையும் உட்கார்ந்து கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. நான் அனுப்பிய இரண்டு புகாரும் இதுதான்.

கே: ஒரே மூலையில் பதுங்கி நின்று கேம்ப் அடிப்பவர்களை என்ன செய்வது?

ப: கிரனேடு எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்?

கே: சரி, முடிவாகச் சொல்லுங்கள். வெளிவந்ததும் வாங்கலாமா?

ப: சறுக்கி வந்து சுவரில் எகிறி இறங்கும்போது வயிற்றில் ஒரு ஜிவ்வு வருகிறது பாருங்கள், அதற்காகவே நான் வாங்குவேன். ஆனால் முன்பதிவு செய்யமாட்டேன். வெளிவந்த பிறகு யாராவது ஆடும் வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்ப்பேன். மாடிப்படியில் ஏறுவது யார் என்று கேட்டே சொல்ல முடிந்தால் அன்றே வாங்குவேன்.

கே: கடைசி மேட்ச் ஜெயித்தீர்களா?

ப: ஞாயிறு இரவு, முடிய வேண்டிய நேரத்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது ஒரு மேட்ச் கிடைத்தது. 61-க்கு 48 என்று நாங்கள் முன்னிலை, 75 எடுத்தால் வெற்றி. மூன்று நாளில் முதல்முறையாக என் பெயர் பட்டியலில் மேலிருந்து இரண்டாவது. மஞ்சள் கன்டெய்னருக்குப் பின்னால் ஒருவன் நிற்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், சறுக்கிக்கொண்டு வளைகிறேன், 'சர்வருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. பீட்டாவை மூடிவிட்டார்கள். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டை அப்படியே வைத்திருக்கிறேன்.